தபாலிலை போன வைத்தியம்

கொடிகாமம்
14.01.2018

அன்புள்ள அண்ணைக்கு,

சகலருக்கும் ஆழ்ந்த துயரத்துடன் அறியத்தருவது: எங்கள் வீட்டுக் கறுப்பிக் கோழி இருபத்தொரு நாட்களாக ஊண் உறக்கமின்றி அடைகாத்த ஐந்து முட்டைகளில் நான்கு குஞ்சாகிவிட்டன. ஐந்தாவது, இன்று காலை 6.10 மணியளவில், பிங்பொங் பந்து என உறுதிசெய்யப்பட்டது. விசாரணை நடைபெறுகிறது. சந்தேகநபர் பொங்கல் தின்றுகொண்டே இந்தக் கடிதத்தை எழுதுகிறார்.

ஐயோ, விசாரணை, சந்தேகநபர் எண்டெல்லாம் உங்களுக்கு எழுதக் கூடாதோ? எழுதிப்போட்டன். வெட்டினால் கடிதம் ஊத்தையாகும். விடுங்கோ.

நாங்கள் சுகம். நீங்கள் சுகமோ? இருமல் விட்டுதோ? அம்மாவுக்கு முழங்காலுக்குக் கீழை காலை எடுத்த இடம் காய்ஞ்சு வருது. சாவகச்சேரி கிளினிக்கிலை சலரோகச் சீனி மட்டுக்கு வந்திட்டுது எண்டு சொன்னவை. ஆனா ஒன்பது மணித்தியாலம் பஸ்ஸிலை குந்தியிருந்து உங்களைப் பாக்க வர ஏலாது எண்டும் சொல்லிப்போட்டினம். நீங்கள் உள்ளுக்குப் போய் எட்டு மாசம். அவ ஒருக்காலும் வந்து பாக்கேல்லை எண்டு நீங்கள் நினைச்சிடுவியளாம். அதை எழுதச் சொன்னவ.

இனி என்ரை புகழ். ஓ.எல். சோதினை முடிஞ்ச கையோடை சந்தியிலை டினேஸ் அண்ணையின்ரை கொம்பியூட்டர் கடையிலை சேர்ந்திட்டன். பதவி: தலைமைக் கொம்பியூட்டர் வைத்திய நிபுணர். போன கிழமை எங்கடை விஞ்ஞான ரீச்சரின்ரை கொம்பியூட்டருக்கு வைரஸ் பிடிச்சு இருநூற்றுப் பதினாலு ஃபோல்டர் காணாமல் போச்சுது. அரை மணித்தியாலத்திலை அத்தனையையும் உயிரோடை பிடிச்சுக் குடுத்தன். ரீச்சர் என்னை "டொக்டர்" எண்டுதான் கூப்பிடுறா. பீஸ் வாங்கேல்லை, ஒரு பலாச்சுளைதான்.

அம்மாவின்ரை முத்தத்தோடும் என்ரை உபத்திரவத்தோடும்,
தம்பி டிலக்ஷன்


30.01.2018

அன்புத் தம்பிக்கு,

நான் சுகம். இருமல் விட்டிட்டுது. அம்மா வரேல்லை எண்டு நான் ஒருநாளும் நினைக்கேல்லை, அதை அவவின்ரை காதிலை சொல்லு.

கோழிக்கு நீ செய்தது பாவம். எண்டாலும் சிரிச்சனான். என்ரை அறையிலை இருக்கிற செல்வநாயகம் அண்ணைக்கும் வாசிச்சுக் காட்டினன். அறுபத்தொரு வயது. அவர் சிரிச்சு நான் கண்டது அதுதான் முதல்தரம்.

இப்ப நான் ஒரு வேலை செய்துபோட்டன். அதைக் கேள். இங்கை கைதிகளுக்குப் படிப்பிக்கிற பகுதி ஒண்டு இருக்கு. அங்கை ஆரோ தானமாகக் குடுத்த பழைய கொம்பியூட்டர் மூண்டு. ஒண்டும் ஒழுங்காக ஓடாது. பொறுப்பான ஐயா எங்களை வரிசையிலை விட்டு, கொம்பியூட்டர் தெரிஞ்சவன் ஆர் எண்டு கேட்டார். ஒருதரும் அசையேல்லை. நான் கையைத் தூக்கிப்போட்டன். தேங்காய் லொறி ஓட்டினதும், அந்த லொறியாலை சைக்கிளிலை வந்த ஒரு மனிசனைச் சாக்காட்டினதும் தவிர வேறை ஒண்டும் செய்யாத கை. உன்ரை கடிதம் சட்டைப் பையுக்கை இருந்தது. அந்தத் துணிவுதான்.

பிறகு ஐயா தனியக் கூப்பிட்டுச் சொன்னார். யாழ்ப்பாணத்துச் சிறையிலையும் இப்பிடி ஒரு வகுப்புத் தொடங்க இருக்கினமாம். கொம்பியூட்டர் பாக்கத் தெரிஞ்ச கைதி ஒராள் வேணுமாம். மூண்டையும் ஓட வைச்சால் என்ரை பேரை எழுதி அனுப்புறன் எண்டார். யாழ்ப்பாணம் எண்டால் அம்மா ஓட்டோவிலை வந்து பாக்கலாம். இன்னும் ஒண்டரை வருசம் கிடக்கு எனக்கு.

ஃபோன் கதைக்க விடுறேல்லை. கடிதத்திலைதான் நீ எனக்குச் சொல்லித் தரவேணும். முதலாவதிலை ஃபோல்டர் எல்லாம் சின்ன அம்புக்குறியோடை நிக்குது. திறந்தால் ஒண்டும் இல்லை.

தம்பி, நீ எழுதினதெல்லாம் நீ செய்ததுதானே? பகிடி எண்டால் இப்பவே சொல்லு. நான் கையை இறக்கிறன்.

உன் அண்ணை,
குகதாசன்


கொடிகாமம்
11.02.2018

பேரன்புக்கும் பெருந்துணிவுக்கும் உரிய அண்ணைக்கு,

கையை இறக்க வேண்டாம். மற்றக் கையையும் தூக்குங்கோ.

இங்கை எல்லாரும் நலம். அங்கை நீங்களும் செல்வநாயகம் அண்ணையும் நலமாய் இருக்கவேணும். யாழ்ப்பாணம் எண்ட சொல்லை வாசிச்சதும் அம்மா கடிதத்தை என்ரை கையாலை பறிச்சு, தானே இன்னொருக்கால் வாசிச்சா. பிறகு கண்ணாடியைத் துடைச்சுப்போட்டு மூண்டாம் தரமும் வாசிச்சா.

உங்கடை முதலாவது நோயாளிக்கு வந்திருக்கிறது குறுக்குவழி வைரஸ். பயப்பிடாதையுங்கோ, ஃபோல்டர் சாகேல்லை, ஒளிச்சுக்கொண்டு நிக்குது. வைரஸ் என்ன செய்யுதெண்டால், உண்மையான ஃபோல்டரை மறைச்சுப்போட்டு அதே பேரிலை ஒரு கள்ளப் படலையை நடுகுது. நீங்கள் கள்ளப் படலையைத் தட்டத் தட்ட அது இன்னும் உள்ளுக்கை வரும், பக்கத்துக் காணி முத்துக்குமாரர் மாரிக்கு மாரி வேலி அரக்கிற மாதிரி. அதாலை அம்புக்குறி போட்ட ஒண்டையும் தட்டக் கூடாது. கறுத்த ஜன்னல் ஒண்டு இருக்கு, அதைத் திறக்கிற விதமும் அதுக்குள்ளை அடிக்க வேண்டிய வரியும் இந்தத் தாளின்ரை பின்பக்கத்திலை பெரிய எழுத்திலை கிடக்கு. இடைவெளி விட்ட இடத்திலை இடைவெளி விடுங்கோ. அடிச்சு முடிய ஒளிச்சவை எல்லாம் கையைத் தூக்கிக்கொண்டு வெளியிலை வருவினம். அதுக்குப் பிறகு கள்ளப் படலைகளை அழியுங்கோ.

முக்கியம்: அங்கை திரியிற பென்டிரைவ் ஒண்டையும் செருக விடாதையுங்கோ. நுளம்பு மாதிரி, வைரஸைக் காவுறது அதுதான்.

நான் இருக்கப் பயமேன்.

டொக்டர் டிலக்ஷன்


04.03.2018

அன்புத் தம்பிக்கு,

நான் நல்ல சுகம். உண்மையாகவே நல்ல சுகம்.

வந்திட்டுதடா! நீ எழுதின வரியை ஒற்றை விரலாலை அடிச்சன். கொஞ்ச நேரம் ஒண்டும் இல்லை. பிறகு பாத்தால் ஒளிச்சிருந்த ஃபோல்டர் எல்லாம் வரிசையாய் நிக்குது. ஐயா என்ரை முதுகிலை தட்டிப்போட்டு, கதிரை ஒண்டை இழுத்துத் தந்தார். பத்து மாசத்துக்குப் பிறகு கதிரையிலை இருந்தனான்.

இரண்டாவதை உன்னைக் கேளாமலே திறந்தன். லொறி எஞ்சின் மாதிரி ஒரே தூசி. துடைச்சு, கழன்ற வயரை இறுக்கிவிட ஓடிச்சுது. மிச்சம் ஒண்டுதான்.

அந்த மூண்டாவதுதான் வில்லங்கம். அதுக்குள்ளை இருக்கிற பழைய ஹாட் டிஸ்க் "டக் டக்" எண்டு சத்தம் போடுது, எப்ப நிக்கும் எண்டு தெரியாது. ஐயா புதுசு ஒண்டு எடுத்துத் தந்திருக்கிறார். பழையது இருபது ஜீபி, புதுசு எண்பது ஜீபி எண்டு மேலை எழுதியிருக்கு. புதுசை உள்ளுக்கை வைச்சு, பழசிலை இருக்கிறதை அதுக்கு மாத்த வேணும். மாத்தாமல் விடேலாது. மூண்டு வருசமாக ஆர் ஆர் வகுப்புக்கு வந்தது, ஆர் என்ன பாஸ் பண்ணினது எண்ட பதிவு எல்லாம் அதுக்குள்ளைதான். தாளிலை இல்லை. மே மாதம் செல்வநாயகம் அண்ணையை நேரத்தோடை விடுறதைப் பற்றிப் பரிசீலிக்க இருக்கினம். அதுக்கு அந்தப் பதிவு வேணும். மனிசன் ஒவ்வொரு நாளும் வந்து கதவடியிலை நிண்டு என்னைப் பாத்துக்கொண்டு நிக்கிறார்.

வடிவாக யோசிச்சு எழுது. அவசரமில்லை, பிழைக்கக் கூடாது.

அம்மாவுக்கு என்ரை அன்பைச் சொல்லு.

குகதாசன்


கொடிகாமம்
13.03.2018

கதிரை பெற்ற கோமகனுக்கு,

இங்கை சுகத்துக்குக் குறைவில்லை, வெயில்தான் கூட. உங்கடை கதிரைச் செய்தியைக் கேட்டு அம்மா பால் காய்ச்சினா. எனக்கு ஒரு கப் கிடைச்சுது. நன்றி.

ஹாட் டிஸ்க் மாத்திறது எனக்குப் பல்லு விளக்கிற மாதிரி. பதினைஞ்சு தரத்துக்குக் குறையாமல் செய்திருப்பன். கவனமாகக் கேளுங்கோ.

டிஸ்க்கின்ரை பின்பக்கத்திலை ஊசி மாதிரிக் கம்பிகள் இருக்கும், அதிலை ஒரு சின்னத் தொப்பி போட்டிருக்கும். தொப்பியின்ரை இடத்தை மாத்தினால் டிஸ்க்கின்ரை பதவி மாறும். ஒண்டு மாஸ்டர், மற்றது அவருக்கு எடுபிடி. எங்கடை வீட்டிலை அம்மா மாஸ்டர், நாங்கள் ரெண்டு பேரும் எடுபிடி, அப்பிடி. நீங்கள் புதுசுக்கு மாஸ்டர் தொப்பியைப் போடுங்கோ. கிழவர் ஓய்வு எடுக்கட்டும். படம் கீறியிருக்கிறன். மாடு மாதிரி இருக்கிறதுதான் ஹாட் டிஸ்க்.

பிறகு விண்டோஸ் சீடியைப் போட்டுத் தொடங்குங்கோ. "சி", "டி" எண்டு இரண்டைக் காட்டும். "டி" தான் புதுசு. அதைத் தெரிவு செய்து ஃபோர்மட்டை அமத்துங்கோ. அமத்தினால் அதிலை இருக்கிறது எல்லாம் துடைச்சுப் போகும், ஆனா புதுசிலை என்ன கிடக்கு துடைக்க? பிறகு விண்டோஸை ஏத்திப்போட்டுப் பழசிலை இருக்கிற பதிவுகளைக் கொப்பி பண்ணுங்கோ. செல்வநாயகம் அண்ணையை உடுப்பு அடுக்கச் சொல்லுங்கோ.

நிபுணர்களின் நிபுணன்,
டிலக்ஷன்


கொடிகாமம்
17.03.2018

அண்ணைக்கு,

நாலு நாளுக்குள்ளை இன்னொரு கடிதம். என்னிலை உங்களுக்கு எவ்வளவு பாசம் இருக்கோ தெரியாது, எனக்கு உங்களிலை இரண்டு முத்திரைப் பாசம். சுகந்தானே? இங்கையும் அப்பிடித்தான். முத்துக்குமாரரின்ரை ஆடு எங்கடை பூவரசை முழுக்கத் திண்டிட்டுது. அம்மா அதுக்குச் சாபம் போட, அது இன்னும் கொழுத்திட்டுது. நான் அதின்ரை கழுத்திலை "விற்பனைக்கு" எண்டு அட்டை கட்டி விட்டன். ரெண்டு பேர் விலை கேட்டு அவர் வீட்டுப் படலையைத் தட்டினவை.

பொது அறிவித்தல்: முந்தின கடிதத்திலை "டி" எண்டு வாற இடங்களைக் கனக்கப் படிச்ச ஆக்கள் "பெரிய டிஸ்க்" எண்டும் வாசிக்கலாம். இருபது சின்னன், எண்பது பெரிசு. பெரிய ஆக்களிலை கை வைக்கிறது எங்கடை குணம் இல்லை, எண்டாலும் இந்த இடத்திலை பெரிசிலைதான் கை வைக்கவேணும். சின்னனைத் தொட்டால் சிறுவர் உரிமை மீறல். ஹி ஹி.

ஆட்டின்ரை விலை எவ்வளவு போகும் எண்டு நினைக்கிறியள்?

கொஞ்சம் அவசரத்திலை,
டிலக்ஷன்


கொடிகாமம்
02.04.2018

என்ரை மகனுக்கு அம்மா எழுதுவது,

ராசா, நல்லாயிருக்கிறியா? நேரத்துக்குச் சாப்பிடு. எனக்கு ஒரு குறையும் இல்லை. எழுதிக் கனகாலம், கை ஓடுதில்லை.

வைகாசிக்கிடையிலை உன்னை யாழ்ப்பாணத்துக்கு மாத்திப்போடுவினம் எண்டு தம்பி சொன்னவன். எல்லாம் தான் எழுதி அனுப்பிப்போட்டன் எண்டான். நான் ஓட்டோப் பெடியனிட்டைக் கேட்டு வைச்சிருக்கிறன், ஞாயிற்றுக்கிழமையிலை வருவான். ஓட்டோவிலை ஏறப் பழகுறன். முதல்நாள் ரெண்டு பேர் பிடிச்சவை. இப்ப தம்பி ஒருத்தன் பிடிச்சாலே காணும்.

அந்தச் செத்துப்போன மனிசனுக்கும் சேர்த்துத்தான் நான் விளக்கு வைக்கிறனான். நீ அதை நினைச்சு உருகாதை.

உன்னைக் கண்டால் அழக் கூடாது எண்டு நினைச்சிருக்கிறன்.

அம்மா


கொடிகாமம்
24.04.2018

அன்புள்ள அண்ணைக்கு,

சுகமாய் இருக்கிறியள் எண்டு நானே எழுதிக்கொள்ளுறன், நீங்கள் எழுதுறியளில்லை. உங்கடை கடைசிக் கடிதம் மாசி கழிஞ்சு வந்தது. வருசப்பிறப்பும் போயிட்டுது. தபால்காரரின்ரை சைக்கிள் மணி கேட்டால் அம்மா கட்டிலிலை எழும்பி இருக்கிறா. அது மணியில்லை, ஐஸ்கிறீம் வான் எண்டு நான் ஒருநாள் பகிடி விட்டன். அவ சிரிக்கேல்லை. இனி விடமாட்டன்.

ஓ.எல். மறுமொழி வந்தது. ஏ.எல். படிக்கலாம், காணும். கொம்பியூட்டர் பாடத்துக்கு என்ன வந்ததெண்டு கேளாதையுங்கோ. அது அரச இரகசியம்.

மூண்டாவது கொம்பியூட்டர் என்ன மாதிரி? என்ரை இரண்டாவது கடிதம், ஆடு வந்த கடிதம், கிடைச்சதோ? அதிலை ஆட்டை விட்டிட்டு மிச்சத்தை இன்னொருக்கால் வாசியுங்கோ. வாசிச்சிருப்பியள். எண்டாலும் வாசியுங்கோ.

பதில் போடுங்கோ அண்ணை. ஒரு வரி காணும்.

டிலக்ஷன்


10.05.2018

அன்புத் தம்பிக்கு,

உன்ரை மூண்டு கடிதமும் கிடைச்சது. அம்மாவின்ரையும் கிடைச்சது. எழுதாமல் விட்டதுக்குக் குறை நினைக்காதை. நான் சுகம்.

மூண்டாவது சரிவரேல்லை. நீ சொன்ன மாதிரித் தொப்பியை மாத்தி, சீடியைப் போட்டன். "டி"யைத் தெரிவு செய்து ஃபோர்மட்டை அமத்தினன். அது முடிஞ்சு விண்டோஸ் ஏற முன்னம் ஐயா வந்து எட்டிப் பாத்தார். அளவைப் பாத்திட்டு, "இது பழையது எல்லோ" எண்டார். அவ்வளவுதான். உடனை கறண்டை நிப்பாட்டினார். அவர் ஏசேல்லை. ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

நான் இப்ப திரும்பச் சமையல்கட்டிலை, தேங்காய் துருவுறன். என்ரை பேர் எழுதி அனுப்பப்படேல்லை. அந்த டிஸ்க் ஐயாவின்ரை மேசை லாச்சியிலை கிடக்கு. நாற்பத்தொரு பேரின்ரை பதிவு. செல்வநாயகம் அண்ணையின்ரை பரிசீலனையைத் தள்ளி வைச்சிருக்கினம், எதுவரைக்கும் எண்டு சொல்லேல்லை. அவர் என்னோடை கோவிக்கேல்லை. படுக்கேக்கை மற்றப் பக்கம் திரும்பிப் படுக்கிறார்.

ஆடு வந்த கடிதமும் நான் டிஸ்க்கைத் தொட முதலே கிடைச்சது. எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டினன், சிரிச்சம். அந்த அறிவித்தலையும் ஆட்டுக் கதை மாதிரி ஒரு பகிடி எண்டுதான் நினைச்சன். இப்பதான் விளங்குது.

உன்ரை பதின்மூண்டாம் திகதிக் கடிதத்தை நாலு தரம் வாசிச்சன். "டி" எண்டுதான் இருக்கு. என்ரை கையிலைதான் ஏதோ பிழையோ? உண்மையை எழுது. துடைச்சதைத் திரும்ப எடுக்க வழி இருக்கோ எண்டு டினேஸிட்டைக் கேட்டு எழுது.

அம்மாவுக்கு இன்னும் ஒண்டும் சொல்லாதை. ஓட்டோவிலை ஏறிப் பழகட்டும். அது எப்பவும் உதவும்.

குகதாசன்


கொடிகாமம்
23.05.2018

அண்ணைக்கு,

நீங்கள் சுகமோ எண்டு கேக்க எனக்கு முகமில்லை, எண்டாலும் கேக்கிறன்.

உங்கடை கையிலை பிழையில்லை. பிழை முழுக்க என்னிலைதான். ரீச்சரின்ரை கொம்பியூட்டரைத் திருத்தினது நான் இல்லை. எங்கடை வகுப்பிலை படிச்ச நிவேதனா. நான் பக்கத்திலை நிண்டு பலாச்சுளை திண்டனான், அதுமட்டும் உண்மை. அவளின்ரை கொப்பியிலை வைரஸ் எடுக்கிறது, டிஸ்க் மாத்திறது எல்லாம் வடிவாக எழுதி வைச்சிருந்தவள். ஆருக்கோ குடுக்கவெண்டு அதைக் கடைக்குப் போட்டோ கொப்பி அடிக்கக் கொண்டுவந்தாள். நான் அவளுக்குத் தெரியாமல் எனக்கும் ஒரு கொப்பி அடிச்சு வைச்சன். உங்களுக்கு எழுதினது எல்லாம் அதைப் பாத்துத்தான்.

வைரஸ் வரியை அப்பிடியே எழுதினன், வேலை செய்தது. டிஸ்க் பக்கத்திலை, பழையது மாஸ்டராகவே இருக்கட்டும், புதுசு "டி" எண்டு வரும் எண்டுதான் அவள் எழுதியிருந்தாள். நான் மாத்தினன். எல்லாத்தையும் அவள் எழுதின மாதிரியே எழுத எனக்கு வெக்கமாய் இருந்தது, ஒரு வரியாவது என்ரையாய் இருக்கட்டும் எண்டு தொப்பியை மாத்திப் போட்டன். மாத்தினால் பழசு "டி" ஆகிப்போடும் எண்டு எனக்குத் தெரியாது.

ரெண்டு நாள் கழிச்சு அவளிட்டைச் சும்மா கேக்கிற மாதிரிக் கேட்டன். "அப்பிடிச் செய்தால் பழசெல்லோ போயிடும், மொக்கா" எண்டாள். அதுக்குப் பிறகுதான் ஆட்டுக் கடிதம் எழுதினன். பிழை விட்டிட்டன், நிப்பாட்டுங்கோ எண்டு ஒரே வரியிலை எழுதியிருக்கலாம். நாலு தாள் கிழிச்சன். அந்த வரியை எழுத எழுத நான் சின்ன ஆளாய்ப் போற மாதிரி இருந்தது. அதுதான் ஆட்டை மேலை போட்டு மூடினன்.

நேற்று நிவேதனாவிட்டை எல்லாத்தையும் சொன்னன். கொப்பி களவெடுத்ததுக்கு ஏசேல்லை. நாற்பத்தொரு பேர் எண்டதைக் கேட்டுத்தான் ஏசினவள். ஃபோர்மட் மட்டும் நடந்து வேறை ஒண்டும் ஏறாட்டில், பதிவுகள் பெரும்பாலும் உள்ளுக்கை கிடக்குமாம். அழிஞ்சது பேர் அட்டவணைதானாம். பதிவை எடுக்கிற நேரம் தவிர அந்த டிஸ்க்கை இனி ஒரு கொம்பியூட்டரிலும் பூட்டி ஓட்டக் கூடாது. அது டக் டக் எண்டு சத்தம் போடுற டிஸ்க், இன்னும் எத்தினை தரம் சுத்தும் எண்டு தனக்குத் தெரியாதாம். எடுக்கலாம் எண்டு சத்தியம் பண்ண மாட்டாளாம். எப்பிடி எடுக்கிறது எண்டு அவளே மூண்டு தாளிலை எழுதித் தந்தவள், இதோடை இருக்கு. ஒரு எழுத்தும் நான் மாத்தேல்லை, வேணுமெண்டால் கையெழுத்தைப் பாருங்கோ. பிழை என்னிலைதான், அண்ணையிலை இல்லை எண்டு உங்கடை ஐயாவுக்கும் ஒரு கடிதம். டினேஸ் அண்ணை சிங்களத்திலை எழுத, நான் கையெழுத்து வைச்சன்.

அம்மாவுக்குச் சொல்ல வேண்டாம் எண்டு எழுதியிருந்தியள். இண்டைக்குக் காலமை சொல்லிப்போட்டன். ஓட்டோப் பெடியனுக்கு இனி வரவேண்டாம் எண்டு சொல்லிவிடச் சொன்னா. கொஞ்ச நேரம் கழிச்சு, வேண்டாம், அவன் வரட்டும் எண்டா. பிறகு என்னை வடிவாகப் பாத்து, "நீ அந்தக் கடையிலை உண்மையாய் என்னடா செய்யிறாய்?" எண்டு கேட்டா.

அவவுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்லுறன். நான் போட்டோ கொப்பி மெசினுக்குத் தாள் வைக்கிறனான். தாள் சிக்கினால் டினேஸ் அண்ணையைக் கூப்பிடுறனான். கொம்பியூட்டர் மேசைக்குக் கிட்டப் போக எனக்கு அனுமதியில்லை, வந்த முதல் நாளே அதிலை தேத்தண்ணி ஊத்தினனான். அந்தப் படத்திலை ஹாட் டிஸ்க் மாடு மாதிரி இருந்தது பகிடிக்கு இல்லை, அண்ணை. நான் அதை இண்டைவரைக்கும் கண்ணாலை கண்டதே இல்லை.

தம்பி,
டிலக்ஷன்